கிணத்து நீச்சலும் குளத்து இங்கிலீஷும்

'ஐ நோ ஸ்விம்மிங்.'

பரமத்தி வேலூரில் ஆரம்பித்து ராசிபுரம், ஆத்தூர் வரைக்கும் யாரை நிறுத்தி, நீச்சல் தெரியுமா என்பதை இங்கிலீஷில் கேட்டாலும் இந்தப் பதில்தான் வரும். எனக்கு நீச்சல் தெரியும் என்பதை ஒவ்வொரு வார்த்தையாக இறக்கி வைத்தால் வேறென்ன வரும்? பெங்களூரிலோ ஐதராபாத்திலோ இதைச் சொன்னால் யாரும் ஒரு மாதிரி பார்க்கப் போவதில்லை, அவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். லண்டனில் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள். ஆனால் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர் வாயிலிருந்து இது வராது. 'ஐ கேன் ஸ்விம்' என்பார். மூன்றே வார்த்தை, மூன்றும் ஒண்ணாம் வகுப்பு வார்த்தை. நமக்கு அது தோன்றுவதில்லை.

நாமக்கல்லில் சாயங்கால நேரத்தில் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் பேசச் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. கோழிப்பண்ணைகளுக்கு மருந்து விற்கிறவர்கள், லாரி பாடி கட்டும் பட்டறைக்காரர்கள், வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி பரீட்சை எழுதப்போகும் நர்ஸுகள், போர் போடும் ரிக் வண்டியோடு ஆப்பிரிக்கா வரை போய்வந்த திருச்செங்கோட்டுக்காரர்கள் என்று கலந்துகட்டி வருவார்கள். இவர்களைப் பேச வைக்க எனக்குத் தெரிந்த சுலபமான வழி, நீச்சல் பழகின கதையைச் சொல்லச் சொல்வதுதான். நம் பக்கத்தில் முப்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் அந்தக் கதை ஒன்று இருக்கும். கிணற்றில் பிடித்துத் தள்ளிவிட்ட மாமன், ஜேடர்பாளையம் படுகை அணையில் இழுத்துக்கொண்டு போன தண்ணீர், ராஜவாய்க்காலில் அம்மாவுக்குத் தெரியாமல் அடித்த கொட்டம். பள்ளிக்கூடத்தில் நீச்சல் ஒரு நல்ல உடற்பயிற்சி என்று இங்கிலீஷில் கட்டுரை எழுதி மார்க் வாங்கியிருப்பார்கள். அந்த மாதிரி ஒரு வாக்கியத்தை வாழ்நாளில் யாராவது வாய்விட்டுப் பேசியிருக்கிறார்களா?

தமிழில் 'தெரியும்' ஒரு பெரிய கூரை. நீச்சல் தெரியும், கார் ஓட்டத் தெரியும், சமைக்கத் தெரியும், அவரைத் தெரியும், விஷயம் தெரியும், மலை தெரியும். எல்லாம் அதற்கடியில் அடங்கும். இங்கிலீஷில் உடம்பால் செய்கிற காரியமெல்லாம் 'கேன்' பக்கம் போய்விடுகிறது. 'ஐ கேன் டிரைவ்', 'ஷி கேன் குக்'. மொழி என்றால் அதுவும் இல்லை, 'டூ யூ ஸ்பீக் தமிழ்?' என்றுதான் கேட்பார்கள். ஏதோ தெரியும், பெரிய ஆள் இல்லை என்று அடக்கமாகச் சொல்ல 'ஐம் நாட் மச் ஆஃப் எ ஸ்விம்மர்' என்று தயாராக ஒன்று வைத்திருக்கிறார்கள். ஸ்விம்மரை எடுத்துவிட்டு குக் போடலாம், டான்சர் போடலாம். மாமியார் வீட்டில் முதல் நாள் சமையலுக்கு மிகவும் உதவும்.

என் அக்கா மகள் மோகனூரில் காவிரிக் கரையில் வளர்ந்தவள். அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஊருக்குப் போனால் கிணறு, வீட்டுக்கு வந்தால் ஆறு. இப்போது இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். போன குளிர்காலத்தில் அங்கிருந்த நீச்சல் குளத்தில் சேரப் போயிருக்கிறாள். அன்று ராத்திரி வாட்ஸப்பில் குரல் அனுப்பியிருந்தாள்.

"மாமா, ஒரு கூத்து கேளுங்க. அங்க இருந்த ஆளு, 'ஆர் யூ கான்ஃபிடென்ட் இன் டீப் வாட்டர்?'னு கேட்டான். நானு 'யெஸ், ஐ ஹாவ் ஃபுல் கான்ஃபிடென்ஸ்'னு சொன்னனுங்க. எங்க பழகுனேன்னு கேட்டான். 'ஐ ஸ்விம் இன் வெல்'னேன். அதுக்கு அவன் 'ஐம் ஷூர் யூ டூ'ன்னு சிரிக்கறானுங்க மாமா. நா கெணத்துல நீச்ச அடிச்சதச் சொன்னா, அவன் என்னமோ நா சூப்பரா நீச்ச அடிப்பேன்னு பீத்திக்கறதா நெனச்சுட்டான்!"

கேட்டுவிட்டு நான் சிரித்தேன். கிணற்றுக்கும் 'வெல்', நன்றாக என்பதற்கும் 'வெல்'. நடுவில் ஒரு குட்டி 'எ' இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம். 'ஐ லேர்ன்ட் டு ஸ்விம் இன் எ வெல்.' இந்த 'எ', 'தி' இரண்டும் எதற்கு என்று வகுப்பில் கேட்காத ஆள் இல்லை. நம் மொழியில் இல்லாத சாமான், அதனால் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறோம்.

சரி, 'எ' போட்டுவிட்டாள் என்றே வையுங்கள். அப்போதும் வேலை முடியவில்லை. இங்கிலாந்துக்காரர் மனதில் வெல் என்றால் குறுகலாக, வட்டமாக, செங்கல் சுவர் வைத்து, மேலே சின்னக் கூரையும் கயிற்றில் ஒரு வாளியும் தொங்கும் ஒன்று. கதைப் புத்தகப் படத்தில் வருவது. அதற்குள் ஒரு பெண்பிள்ளை நீந்தினாள் என்றால் விழுந்துவிட்டாளோ என்றுதான் பயப்படுவார்கள். நம் கிணறு அப்படியா? பாறையை வெடி வைத்து உடைத்துத் தோண்டியது. சதுரமாகவோ நீள்சதுரமாகவோ ஒரு வீட்டையே இறக்கிவிடலாம் போல வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல் படிகள், பாதியில் ஒரு திட்டு, மேலே மோட்டார் ரூம், தண்ணீரின் மேல் தாழ்ந்து தொங்கும் கிளையில் தூக்கணாங்குருவிக் கூடு. இதெல்லாம் தெரியாதவருக்கு முன்னால் வெறும் 'வெல்' என்பது பாதி வார்த்தைதான்.

அவளுக்கு நான் எழுதி அனுப்பியது இது. 'எ பிக் ஓபன் வெல் ஆன் மை கிராண்ட்ஃபாதர்ஸ் ஃபார்ம். யூ குட் ஃபிட் எ ஹவுஸ் இன் இட். தேர் ஆர் ஸ்டோன் ஸ்டெப்ஸ் டவுன் தி சைட்.' பெரிய வார்த்தை ஒன்றாவது இருக்கிறதா பாருங்கள். ஆனால் கேட்கிறவர் கண்ணில் கிணறு வந்துவிடும். அடுத்து அவர் கேட்கப்போவது நிச்சயம் 'ஹௌ டீப் வாஸ் இட்?' என்பதுதான். அதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

ஆழத்தைச் சொல்வதில் நம் ஊர் வழக்கமும் அவர்கள் வழக்கமும் அதிசயமாக ஒத்துப்போகிறது. முழங்கால் அளவு, இடுப்பளவு, கழுத்தளவு என்று நாம் உடம்பை வைத்து அளப்பதைப் போலவே அவர்களும் 'நீ-டீப்', 'வெய்ஸ்ட்-டீப்', 'அப் டு மை நெக்' என்கிறார்கள். நிலைக்காது என்றால் 'ஐ காண்ட் டச் தி பாட்டம்'. ஆளை மூழ்கடிக்கும் ஆழம் என்றால் 'இட்ஸ் ஓவர் மை ஹெட்'. நம் ஆட்கள் இதையெல்லாம் விட்டுவிட்டு 'ஃபுல் டெப்த்' என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை, இருபது பேரில் பதினைந்து பேர் சொல்வார்கள்.

அடுத்தது, இந்தப் பதிவிலேயே முக்கியமான இடம். வகுப்பில் ஒருவர் சின்ன வயசுக் கதை சொன்னார். 'இன் மை சைல்ட்ஹுட் வி வில் ஜம்ப் ஃப்ரம் தி மோட்டார் ரூம்.' சின்ன வயதில் இனிமேல் குதிப்போம் என்கிறார்! கேலி செய்ய ஒன்றுமில்லை, அவர் தமிழில் சரியாக யோசித்திருக்கிறார். 'அப்பல்லாம் மோட்டார் ரூம் மேல இருந்து குதிப்போம்' என்கிறோம் அல்லவா? தமிழில் எதிர்காலத்துக்குப் போடும் அதே உருவத்தைத்தான் பழைய பழக்கத்துக்கும் போடுகிறோம். நாளைக்கும் குதிப்போம், அந்தக் காலத்திலும் குதிப்போம். இங்கிலீஷில் அந்த வசதி கிடையாது. 'வி யூஸ்ட் டு ஜம்ப் ஆஃப் தி பம்ப் ஹவுஸ் ரூஃப்.' இந்த 'யூஸ்ட் டு' ஒன்று கைவந்துவிட்டால் கிராமத்துக் கதை முழுவதையும் சொல்லிவிடலாம். சுரைப்புரடையை முதுகில் கட்டுவார்கள், லாரி டியூபில் காற்றடித்துத் தூக்கிப் போடுவார்கள், அடிமண் எடுத்துக்கொண்டு மேலே வந்து காட்டுவோம், கண் சிவந்து வீட்டுக்குப் போனால் அடி விழும். ஒவ்வொரு '-ஓம்', '-ஆர்கள்', '-உம்' மேலும் 'யூஸ்ட் டு' தயாராக உட்கார்ந்திருக்கிறது. இலக்கணப் புத்தகத்தில் இதற்கு அரைப்பக்கம்தான் இருக்கும். நான் ஒரு வாரம் எடுத்துக்கொள்வேன்.

லாரி டியூப் என்றதும் ஒருத்தர், 'அவங்களுக்கு லாரி டியூபுன்னா புரியுமாங்க?' என்று கேட்டார். 'எ ட்ரக்ஸ் இன்னர் டியூப்' என்றால் புரியும். அவர்களும் ஆற்றில் அதைப் போட்டு மிதந்தவர்கள்தான். சுரைப்புரடைக்குத்தான் கொஞ்சம் விளக்கம் வேண்டும். காய்ந்த சுரைக்காய், உள்ளே காற்று, மிதக்கும் என்று மூன்று துண்டாகச் சொல்லிவிடலாம்.

கதை சொல்லும் வாரத்தில் ஒருமுறை, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருத்தர் முறை வந்தபோது, 'தேர் வேர் த்ரீ வெல்ஸ் நியர் அவர் ஸ்ட்ரீட். வி வெரன்ட் அலவ்ட் இன்' என்றார். அவ்வளவுதான். எந்தத் தெரு, ஏன் விடவில்லை என்று அந்த அறையில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நம் பக்கத்தில் கிணறு எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்து கிடக்கவில்லை. கிணற்று நீச்சல் பெருமையைப் பேசும்போது இதைச் சேர்த்துப் பேசுகிறவர்கள் குறைவு. அந்த வாக்கியத்தில் நான் திருத்த ஒன்றும் இல்லை. அந்தக் கடைசி 'இன்' உட்பட.

அந்த 'இன்' மாதிரிப் பொடி வார்த்தைகள்தான் பேச்சு இங்கிலீஷைத் தாங்கிப் பிடிக்கின்றன. தண்ணீரில் இறங்கு என்றால் 'கெட் இன்', கரையேறு என்றால் 'கெட் அவுட்', குதி என்றால் 'ஜம்ப் இன்', தூக்கிப் போட்டார் என்றால் 'த்ரூ மி இன்'. நாம் 'கெட் டவுன் இன்டு தி வாட்டர்' என்போம். இறங்கு என்ற வார்த்தையைக் கேட்டவுடன் மனசு கீழே போகிறது. பஸ்ஸிலும் அதே கதை. 'ஐ காட் டவுன் அட் சங்ககிரி' என்பது நம் இங்கிலீஷ், 'ஐ காட் ஆஃப்' என்பது அவர்கள் இங்கிலீஷ். காரில் என்றால் 'அவுட்'. எதற்கு 'ஆஃப்', எதற்கு 'அவுட்' என்று விதி தேடாதீர்கள். பஸ்ஸோடு 'ஆஃப்' ஒட்டிக்கொண்டிருக்கிறது, அப்படியே விழுங்கிவிடுங்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒரு வார்த்தை உண்டு. 'ஐ ட்ரௌண்ட் இன் தி வெல் அண்ட் மை அங்கிள் சேவ்ட் மி.' மூழ்கிட்டேன், மாமா காப்பாத்தினார் என்று சொல்ல நினைக்கிறார். ஆனால் இங்கிலீஷில் 'ட்ரௌண்ட்' என்றால் ஆள் போய்ச் சேர்ந்தாயிற்று. செத்தவரே எழுந்து வந்து சாட்சி சொல்கிற மாதிரி ஆகிவிடும். 'ஐ நியர்லி ட்ரௌண்ட்' என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் 'ஐ வென்ட் அண்டர்'. கண்ணெதிரே ஒருத்தர் தத்தளித்தால் 'ஹி இஸ் ட்ரௌனிங்!' என்று கத்த வேண்டும், 'ஹி ட்ரௌண்ட்' என்றால் ஓடிவருகிறவர் நின்றுவிடுவார். ஆடிப்பெருக்குச் சமயத்தில் மேட்டூரிலும் பவானி கூடுதுறையிலும் ஒவ்வொரு வருஷமும் எச்சரிக்கைப் பலகை வைக்கிற ஊர்க்காரர்கள் நாம். ஐ.நா. சபை 2021-இல் ஜூலை 25-ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. இந்த ஒரு வார்த்தையையாவது சரியாகப் பிடித்துக்கொள்வது நல்லது.

அதைவிடச் சின்ன அவஸ்தைகளுக்கும் வாக்கியம் வேண்டுமே. பழகும்போது தண்ணீர் குடித்துவிட்டோம் என்றால் 'டிராங்க்' இல்லை, 'ஸ்வாலோட்'. தாகத்துக்குக் குடிப்பதுதான் 'டிராங்க்'. மூக்கில் ஏறிவிட்டது என்றால் 'ஐ காட் வாட்டர் அப் மை நோஸ்'. காதுக்குள் பூந்துகொண்டது என்றால் 'ஐவ் காட் வாட்டர் இன் மை இயர்'. புரை ஏறினால் 'இட் வென்ட் டவுன் தி ராங் வே', இது சாப்பாட்டு மேஜையிலும் உதவும். காலைப் பிடித்து இழுத்தால் 'ஐவ் காட் கிராம்ப்'. மூச்சு வாங்கினால் 'ஐம் அவுட் ஆஃப் ப்ரெத்', தம் கட்டினால் 'ஹோல்ட் யுவர் ப்ரெத்'. அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. குளிரில் கரையில் நடுங்கிக்கொண்டு நிற்கிற பையனைப் பார்த்து உள்ளே இருக்கிறவன் சொல்வானே, 'எறங்கிட்டா ஒண்ணுந் தெரியாதுடா'. அதை வார்த்தை பிசகாமல் அவர்களும் வைத்திருக்கிறார்கள்: 'ஒன்ஸ் யூ ஆர் இன், இட்ஸ் ஃபைன்.' உலகம் முழுக்கக் கரையில் நிற்கிறவனுக்கு ஒரே பொய்தான் போலிருக்கிறது.

குளிப்பதற்கு வருவோம். நாம் காவிரிக்குக் குளிக்கப் போகிறோம். அதற்குள் நீச்சலும் உண்டு, துணி துவைப்பதும் உண்டு, மோகனூர் பெருமாளைச் சேவிக்கும் முன் முங்கி எழுவதும் உண்டு. 'டுக் பாத் இன் தி ரிவர்' என்றால் ஆற்றில் சோப்புப் போட்டுக் குளித்தீர்களா என்று கேட்பான் வெள்ளைக்காரன். அவனுக்கு 'பாத்' வீட்டுக்குள் தொட்டியில் நடக்கிற காரியம். சும்மா ஒரு முங்கு என்றால் 'வி வென்ட் ஃபார் எ டிப்'. நீந்தவே போனோம் என்றால் 'வி வென்ட் ஸ்விம்மிங்'. ஒரு தடவை, ஒரு நீச்சல் என்றால் 'வி வென்ட் ஃபார் எ ஸ்விம்'. நம் ஆட்கள் இரண்டையும் கலந்து 'வென்ட் ஃபார் ஸ்விம்மிங்' என்று மூன்றாவது ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள். நம் நாட்டுக்குள் அது செல்லும்.

குதிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நமக்கு எல்லாமே 'டைவ் அடிக்கிறது'. அவர்களுக்குத் தலை முன்னால் போனால்தான் 'டைவ்', கால் முன்னால் போனால் 'ஜம்ப்'. குளத்தில் 'நோ டைவிங்' என்று எழுதியிருந்தால் தலைகுப்புறப் பாயாதே என்று அர்த்தம். கையை ஒட்டிக்கொண்டு நேர்க்குத்தாகக் காலை முன்னால் விட்டு இறங்குவதை நாம் கடப்பாரை என்போம். அவர்கள் அதையே 'பென்சில் ஜம்ப்' என்கிறார்கள். எங்கே கடப்பாரை, எங்கே பென்சில்! காலை மடக்கி உருண்டையாக விழுந்து மேலே நிற்கிறவனை நனைப்பதற்கு அங்கே 'பாம்பிங்' என்று பேர். பிரிட்டன் நீச்சல் குளங்களில் 1970-களில் தடைகளைப் படம் போட்டு மாட்டியிருந்த ஒரு சுவரொட்டி மிகவும் பிரபலம். ஓடாதே, தள்ளாதே, சிகரெட் பிடிக்காதே, கொஞ்சிக்கொண்டு நிற்காதே என்ற வரிசையில் 'நோ பாம்பிங்' என்றும் இருக்கும். வயிறு பட்டென்று தண்ணீரில் அறைந்து சிவந்துபோவதற்கு 'பெல்லி ஃப்ளாப்'. இந்த அனுபவத்துக்குப் பேர் தெரியாதவர் உண்டு, அனுபவமே இல்லாதவர் நம் ஊரில் குறைவு.

நீச்சல் வகைக்கு வந்தால் இங்கே நாம் 'ஃப்ரீஸ்டைல்' என்பதை அங்கே குளத்துக்காரர் 'ஃப்ரண்ட் க்ரால்' என்பார். ஃப்ரீஸ்டைல் என்றால் உண்மையில் போட்டியில் எந்த வகையிலும் நீந்தலாம் என்று பொருள். எல்லாரும் வேகமான க்ராலையே அடிப்பதால் பேர் ஒட்டிக்கொண்டது. இங்கிலீஷ்காரர்களே வெகுகாலம் தவளை நீச்சலைத்தான் மரியாதையான நீச்சல் என்று வைத்திருந்தார்கள். 1875-இல் ஆங்கிலக் கால்வாயை முதலில் நீந்திக் கடந்த கேப்டன் மேத்யூ வெப், ஏறக்குறைய 22 மணி நேரம் 'ப்ரெஸ்ட்ஸ்ட்ரோக்'கிலேயே போனார். நம் நாய் நீச்சல் அவர்களிடமும் நாய்தான், 'டாகி பேடில்'. நின்ற இடத்திலேயே கால் அடித்துக்கொண்டு தலையை மேலே வைத்திருப்பதற்கு 'ட்ரெட் வாட்டர்'.

கால்வாயைச் சொன்னதும் குற்றாலீஸ்வரனைச் சொல்லாமல் விட முடியாது. ஈரோட்டில் பிறந்தவர். 1994-இல், பன்னிரண்டு வயதில், பாக் நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் கடந்தார். அந்த ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளை நீந்தி, முந்தைய நீச்சல் வீரர் மிஹிர் சென்னின் சாதனையைத் தாண்டினார். அப்போது எங்கள் பக்கத்தில் கிணற்றில் விழுந்த பையன்கள் எல்லாரும் குற்றாலீஸ்வரன்தான். அவருக்கு நாற்பது ஆண்டுக்கு முன்பே, 1954-இல், யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி பாக் நீரிணையை நீந்திக் கடந்திருக்கிறார். இந்த இரண்டு செய்தியையும் இங்கிலீஷில் சொல்லிப் பாருங்கள். 'ஹி ஸ்வாம் தி சேனல்.' 'ஹி ஸ்வாம் தி பாக் ஸ்ட்ரெய்ட்.' கடந்து என்பதற்கு எதுவுமே இல்லை! நீந்தினார் என்றாலே கடந்தாயிற்று. 'ஸ்விம்ட்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், 'ஸ்வாம்'.

இதையெல்லாம் எப்படிப் பழகுவது என்று கேட்பீர்கள். பஸ் ஸ்டாண்டில் தொங்கும் முப்பது நாள் புத்தகங்களை நான் குறை சொல்ல மாட்டேன், வார்த்தை சேரும். ஆனால் இந்தி தெரியாமல் வண்டி ஏறிய நாமக்கல் லாரிக்காரரைப் பாருங்கள். குஜராத் செக்போஸ்டில் என்ன கேட்பார்கள், நாக்பூர் டாபாவில் எப்படிச் சொன்னால் ரொட்டி சூடாக வரும் என்று இடத்தோடு சேர்த்து முழு வாக்கியமாகப் பிடித்துக்கொள்கிறார். ஆண்பால் பெண்பால் அங்கங்கே இடறும், அதற்காக லோடு நின்றதில்லை. பேராசிரியர் என்.எஸ். பிரபு 1979-லிருந்து 1984 வரை பெங்களூர், சென்னை பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றில் செய்து பார்த்ததும் ஒருவகையில் இதுதான். இலக்கணப் பாடம் நடத்தாமல் ரயில் அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னார். வேலையில் கவனம் இருக்கும்போது மொழி தானாக ஒட்டும் என்பது அவர் கட்சி. 'பெங்களூர் ப்ராஜெக்ட்' என்று உலகம் முழுக்க ஆசிரியர் பயிற்சியில் இன்றும் பேசுகிறார்கள். நம் பள்ளிக்கூடங்களுக்குள் அது வந்து சேரவில்லை என்பது என் வருத்தம்.

கையில் போன் இருக்கிறவர்களுக்கு ஒரு வழி. இங்கிலீஷ்-தமிழ் அகராதியைக் கொஞ்ச நாள் மூடிவையுங்கள். படிக்கிறவர்களுக்கென்றே எழுதின இங்கிலீஷ்-இங்கிலீஷ் அகராதியைத் திறந்து, பொருளைத் தாண்டி, கீழே இருக்கும் உதாரண வாக்கியங்களை மட்டும் வாசியுங்கள். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சிங்க்ளேர் குழு 1987-இல் கொண்டுவந்த கோபில்ட் அகராதி, மக்கள் நிஜமாக எழுதின, பேசின வாக்கியங்களைக் கம்ப்யூட்டரில் குவித்து, எந்த வார்த்தை எதோடு சேர்ந்து நடக்கிறது என்று பார்த்து எழுதப்பட்டது. 'ஸ்விம்' என்று தேடினால் 'கோ ஃபார் எ', 'ஹாவ் எ' என்று அதன் கூட்டாளிகள் வரிசையாக நிற்பார்கள். கூட்டாளியோடு சேர்த்து மனப்பாடம் செய்யுங்கள், தனியாக வேண்டாம்.

இன்னொன்று, நம் கொங்குப் பக்கத்துக்காரர்களுக்கென்றே இருக்கிற கஷ்டம். நாம் மரியாதையெல்லாம் 'ங்க'வில் வைத்திருக்கிறோம். 'ஏனுங்க, ஒரு டிக்கெட் குடுங்க.' இதை இங்கிலீஷாக்கும்போது அந்த 'ங்க' இரண்டும் வழியில் விழுந்துவிடுகிறது. 'கிவ் மி ஒன் டிக்கெட்' என்று மொட்டையாக நிற்கிறது. வாயைத் திறந்தாலே மரியாதை சொட்டும் ஊர்க்காரர் அங்கே போய் முரட்டு ஆள் என்று பேர் வாங்குகிறார்! இங்கிலீஷ்காரர்கள் தங்கள் 'ங்க'வை வாக்கியத்தின் வாசலிலேயே வைக்கிறார்கள். 'குட் ஐ ஹாவ்', 'கேன் ஐ ஜஸ்ட்', 'டூ யூ மைண்ட் இஃப்'. குளத்தில் ஒரே தடத்தில் மெதுவாகப் போகிறவரைத் தாண்ட வேண்டுமென்றால் 'டூ யூ மைண்ட் இஃப் ஐ கோ ஃபர்ஸ்ட்?' கடையில், 'குட் ஐ ஹாவ் எ காபி, ப்ளீஸ்?' சார், மேடம் என்று அடுக்கினால் மரியாதை ஏறாது, நாடகம் மாதிரி இருக்கும். ஏனுங்க என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே 'குட் ஐ' என்று ஆரம்பிக்கச் சொல்வேன். நன்றாகவே வேலை செய்கிறது.

இவ்வளவு சொன்னதால் இங்கிலீஷ் வராதவன் மட்டம் என்று அர்த்தமில்லை. சேலம் சின்னப்பம்பட்டி கிரிக்கெட் வீரர் நடராஜன் ஆஸ்திரேலியாவில் பந்து போட்டுவிட்டு, பேட்டியெடுத்த முரளி கார்த்திக்கிடம் தமிழிலேயே பேசினார். யார்க்கர் எந்த மொழியில் விழுந்தது என்று ஸ்டம்ப் கேட்கவில்லை.

வகுப்புக்கு இப்போது வருகிற இருபது வயதுக்காரர்களிடம் கிணற்றுக் கதை எடுபடுவதில்லை. ஆயிரம் அடிக்குத் துளை போட்ட ஊர் நம் திருச்செங்கோடு. போர் ஆழமாக ஆழமாகத் திறந்த கிணறுகள் வற்றி, பல இடத்தில் முள்ளும் குப்பையும்தான் கிடக்கிறது. ரிக் வைத்திருக்கிற என் மாணவர் ஒருவரே, 'எங்க கெணத்துல தண்ணி போனதுக்கு நாந்தாங்க காரணம்' என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அதை இங்கிலீஷில் சொல்லச் சொன்னேன். 'அவர் வெல் ட்ரைட் அப்' என்றார். 'அப்' தானாக வந்து உட்கார்ந்தது. இவர் பிள்ளைகள் சேலத்தில் ஒரு குளத்தில் மணிக்கணக்குக்குப் பணம் கட்டிப் பழகுகிறார்கள். அவர்களுக்கு 'ஷாலோ எண்ட்', 'டீப் எண்ட்', 'லெங்த்' எல்லாம் முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது, சுரைப்புரடைதான் தெரியாது.

அக்கா மகள் இப்போது அந்தக் குளத்துக்கு வாரா வாரம் போகிறாள். கூட வேலை செய்கிற ஃபிலிப்பைன்ஸ்காரப் பெண்ணுக்கு இவள்தான் வாத்தியார். மல்லாக்க மிதக்கச் சொல்லிக்கொடுக்க, அப்புச்சி சொன்னதையே திருப்பி, தலையைத் தண்ணீரில் போடு என்று 'புட் யுவர் ஹெட் இன் தி வாட்டர்' என்றிருக்கிறாள். அந்தப் பெண் முகத்தை உள்ளே விட்டு மூக்கில் தண்ணீர் ஏற்றிக்கொண்டாள். பக்கத்துத் தடத்தில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற கோச் என்ன சொல்கிறார் என்று கவனித்துவிட்டு எனக்கு அனுப்பினாள். 'லை பேக். இயர்ஸ் இன். சின் அப். டம்மி அப். லுக் அட் தி சீலிங்.' அப்புச்சி கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலேயிருந்து கத்துவாரே, 'காது நனையட்டும், வவுத்தத் தூக்கு, வானத்தப் பாரு கண்ணு', அதேதான். வானத்துக்குப் பதில் கூரை.

அந்தப் பெண் இப்போது மிதக்கிறாளாம். டீப் எண்டுக்குக் கூப்பிட்டால் மட்டும் 'நாட் யெட்' என்று சொல்லிவிட்டுப் படியைப் பிடித்துக்கொள்கிறாளாம்.